நாலு மணி நேரப் பந்தயம்

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடிவதற்கு முன்பே ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால், அங்கே கறவை மாடு இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மடியிலிருந்து இறங்கும் பாலின் சூடு ஏறக்குறைய 38 டிகிரி. நம் ஊர் வெயிலில் நாலு மணி நேரம் அப்படியே கிடந்தால், அடுப்பில் ஏற்றியதும் திரிந்துபோகும் ஆபத்து உண்டு. பால் ஏற்றும் தொழிலின் லாப நட்டமெல்லாம் இந்த நாலு மணி நேரத்துக்குள் அடங்கியது.

முன்பெல்லாம் இது முழுக்க முழுக்கக் குடும்பத் தொழில். அப்பா சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். அம்மா கணக்கு நோட்டைப் பார்ப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு வருவார்கள். கேன் மேல் ஈரச் சாக்கு போர்த்துவதுதான் அன்றைய குளிர்சாதனம்! வழியில் டயர் பஞ்சரானால் அன்றைய வரும்படி போச்சு. மாடு வாங்க முன்பணம் கொடுப்பதும் பால்காரர்தான். கடன் தீரும்வரை பாலை வேறு ஆளுக்கு ஊற்ற முடியாது.

தரம் பார்க்க லாக்டோமீட்டர் மட்டுமே இருந்தது. அதை ஏமாற்றுவது சுலபம். தண்ணீர் கலந்தால் அளவு இறங்கும், ஆடையை எடுத்துவிட்டால் ஏறும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கருவி 'நல்ல பால்' என்றே சொல்லும்.

சங்கரன்கோவிலில் ரயிலேறி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி தாண்டினால் திருத்தங்கல். அந்த ஊர்க்காரர் ஆர்.ஜி.சந்திரமோகன். 1970-ல், குடும்பச் சொத்தை விற்றுக் கிடைத்த 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார். தள்ளுவண்டியில் விற்ற அந்த வியாபாரம்தான் 'அருண் ஐஸ்கிரீம்' ஆனது. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சிறு ஊர்களைத் தேடிப் போனது அவருடைய சாமர்த்தியம்.

உருகும் பொருளை உருகாமல் ஊர் ஊராகக் கொண்டுபோகக் கற்றவருக்கு, கெடும் பொருளைக் கெடாமல் கொண்டுவருவது பெரிய தாவல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1991-ல் பால் தொழிலுக்கு உரிமக் கட்டுப்பாடு தளர்ந்ததும் தனியாருக்கு வழி திறந்தது. 1995-ல் அவருடைய ஹட்சன் நிறுவனத்தின் 'ஆரோக்யா' பால் வந்தது. பிறகு மகன் சத்யனும் தொழிலில் சேர்ந்தார்.

இதற்கிடையில் ஆவினும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து தொழிலின் முறையையே மாற்றிவிட்டன. பாலை வேகமாக ஓட்டிக்கொண்டு போவதற்குப் பதில், குளிரையே கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'பல்க் கூலர்' தொட்டியில் பால் 4 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து டேங்கர் லாரி. டேங்கர் பெரும்பாலும் பாலைக் குளிர்விப்பதில்லை. ஃபிளாஸ்க் மாதிரி, இருக்கிற குளிரைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். கொழுப்பை அளக்கும் இயந்திரம் வந்தபிறகு பழைய ஏமாற்றும் எளிதில் பலிப்பதில்லை.

இதில் இடம் இழந்தவர் கேன்காரர். சிலர் நிறுவனங்களுக்கே கொள்முதல் ஏஜென்ட் ஆனார்கள், சிலர் பால் வண்டி ஓட்டப் போனார்கள். மிச்சம் இருப்பவர்கள் சைக்கிளை விட்டுவிட்டு டி.வி.எஸ். 50-ல் வருகிறார்கள். பாக்கெட் பாலில் டீ போட்டால் ருசி இல்லை என்று அடம்பிடிக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான்.