குழந்தையின் வயிறும் எள்ளளவு திசுவும்

புனேயில் வாழும் நம்மவர்க்கு ராஸ்தா பேட்டை புதிய இடமன்று. அங்கே சர்தார் முதலியார் சாலையில் உள்ள கே.ஈ.எம். மருத்துவமனையை அறியாதாரும் சிலரே. குழந்தையின் உடலிலிருந்து எடுத்த ஒரு சிறு துணுக்கு எத்துணைப் பெரிய உண்மையை உரைக்க வல்லது என்பதற்கு அம்மருத்துவமனையின் வரலாறே சான்று பகரும். கல்லீரல் நோய் ஒன்று இந்நாட்டுப் பச்சிளங் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் இருந்தது. ஊசி செலுத்தி எடுத்த கல்லீரல் துணுக்குகளை ஆராய்ந்ததில், செம்பு அளவு மீறிச் செறிந்திருப்பது புலனாயிற்று. 1979-ல் அச்செய்தி வெளியாயிற்று. அச்செம்பு எவ்வழி வந்தது? டாக்டர் ஷீலா பவே, டாக்டர் ஆனந்த் பண்டிட், ஆங்கிலேயரான டாக்டர் டேனர் முதலியோர், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலையே 1983-ல் சுட்டிக் காட்டினர். பித்தளை போய் எவர்சில்வர் வந்தது, நோயும் அரிதாயிற்று.

இன்று நாம் எழுதப் புகுந்தது வேறொரு துணுக்கைப் பற்றி. வாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் காணும் எண்டாஸ்கோபியை இப்பொழுது குழந்தைகளுக்கும் செய்கின்றனர். பார்ப்பதோடு நில்லாமல், குழாயினூடே செல்லும் சிறு இடுக்கியால் உட்சவ்வில் எள்ளளவு கிள்ளி எடுக்கின்றனர், அதுவே பயாப்ஸி. “கண்ணால் பார்த்தாயிற்றே, கிள்ளுவானேன்?” என்று பெற்றோர் கலங்குவது இயல்பு. ஆனால் கண்ணுக்குச் செம்மையாகத் தோன்றும் குடல், நுண்பெருக்கியின் கீழ் நோயுற்றதாக விளங்குவது உண்டு.

கோதுமையால் வரும் சீலியாக் நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. டர்க்கி டவலின் நூல் வளையங்களைப் போலச் சிறுகுடலின் உட்புறம் எங்கும் குடலுறிஞ்சிகள் நிறைந்துள்ளன. உணவின் சத்தை உடலுக்குள் ஈர்ப்பவை அவையே. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் பொருள் சிலர் உடலுக்கு ஒவ்வாது. அதனால் அவ்வுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும். பிறகு குழந்தை எவ்வளவு உண்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும், பேதி விடாது, உயரம் தடைப்படும். இரும்புச் சத்து மருந்தை எத்தனை மாதம் கொடுத்தும் சோகை தீராது.

இது வடநாட்டார் நோய், அரிசி உண்ணும் நமக்கு ஏது என்பாருண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வை அவர்கள் கருத வேண்டும். டாக்டர் ராமகிருஷ்ணா முதலியோர் 23,000 பேருக்கு மேல் சோதித்தனர். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு இந்நோய் இருந்தது, தெற்கே 0.10 பேருக்கே. எனினும் இந்நோய்க்கு இடந்தரும் மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும், தெற்கே 36 பேரிடமும் இருந்தது! வேற்றுமை உணவில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம். ஆகவே, பள்ளிக்கு நாள்தோறும் சப்பாத்தி கட்டிக்கொண்டு போகும் நம் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ்க் குருதி காப்பாகாது.

கோதுமையே குற்றவாளி என்று கண்டவர் டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காத காலை இந்நோயாளிக் குழந்தைகள் தேறியது அவர் கருத்துக்கு அரண் செய்தது. குடலைத் தொட்டறியும் வழி பின்னரே கிட்டிற்று. 1957-ல் கிராஸ்பி என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர், குழாயில் கோத்த உலோகச் சிமிழ் ஒன்றை அமைத்தார். அதைக் குழந்தை விழுங்க வேண்டும். அது குடலை அடைந்ததா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். பிறகு உள்ளிருக்கும் கத்தி ஒரு துணுக்கை வெட்டும். அக்குழந்தைகளை எண்ணினால் நம் குழந்தைகள் பேறு பெற்றவர்கள்.

இன்று சில மணி நேரப் பட்டினிக்குப் பின் மயக்க மருந்து தந்து செய்கின்றனர். உட்சவ்வில் கிள்ளும்போது வலி தெரிவதில்லை. நோய் திட்டுத் திட்டாக இருக்கக்கூடுமாதலின் நாலைந்து துணுக்குகள் எடுப்பர். எண்ணிக்கை கேட்டு மிரள வேண்டா. குருதிக் கசிவும் குடல் துளைபடுதலும் மிக அரியவை. அறவே இல்லை என்று நாம் சொல்லோம். குழந்தைக்கு இரத்தம் எளிதில் உறையாத குறை இருப்பின் முன்னரே சொல்லிவிடல் வேண்டும்.

ஐரோப்பிய மருத்துவர் ஒரு காலத்தில் மூன்று முறை பயாப்ஸி வேண்டுமென்றனர்; பிறகு ஒன்றே போதுமென்றனர். 2012 முதல், இரத்தத்தில் எதிர்ப்பொருள் வரம்பினும் பத்து மடங்கு மிகுந்தால் சில குழந்தைகளுக்கு அதுவும் இன்றியே முடிவு செய்யலாம் என்கின்றனர். அம்முடிவு மருத்துவருடையது, அண்டை வீட்டாருடையதன்று.

இதனை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யாரோ சொன்னார் என்று சோதனைக்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிடுவது நம்மவர் பலரின் வழக்கம். குழந்தை சற்றுத் தேறும், குடலும் ஆறத் தொடங்கும், எதிர்ப்பொருளும் குறையும். அப்பொழுது எடுக்கும் துணுக்கு நோயில்லை என்று பொய்ச்சான்று கூறிவிடக்கூடும். உண்மை அறிய மீண்டும் பல வாரம் கோதுமை கொடுத்து நோயை வரவழைக்க நேரும். நேர்மாறாக, நோயே இல்லாத குழந்தை வாழ்நாள் முழுதும் வீணே பத்தியம் காக்கவும் கூடும். ஆதலின் துணுக்கு எடுக்கும் நாள் வரை வழக்கமான உணவே இருக்கட்டும்.

நோய் உறுதியானால் பத்தியம் ஆயுள் முழுதும் உண்டு. நல்லவேளையாக அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் யாவும் ஏற்றவை. மராட்டிய அண்டை வீட்டாரின் சோள பாக்ரியும் அவ்வாறே, மாவில் கோதுமை கலவாதிருப்பின். ரவை உப்புமா, சேமியாப் பாயசம், மைதாப் பலகாரம், பாலில் கலக்கும் மால்ட் பானம் ஆகியவற்றை விலக்க வேண்டும். சாம்பாரிலும் ஒரு கண் இருக்கட்டும்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது உண்டு, டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தே வாங்குக.