மிருதுவான டயர் ஏன் பற்றிக்கொள்கிறது?

சிறு காரின் எஞ்சினை எத்துணை முடுக்கினாலும், காரைச் சாலையோடு பிணைப்பவை உள்ளங்கையளவே உள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகள்தாம். மிருதுவான ரப்பர், சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து, உருமாறி, மீளுங்கால் தான் பெற்ற சக்தியில் ஒரு பகுதியை உஷ்ணமாக இழப்பதாலேயே பிடிப்பு விசேஷமாக உண்டாகிறது. அந்த மிருதுத்தன்மையே டயரைச் சீக்கிரம் தேயவும் செய்கிறது. அமெரிக்காவில் விற்கும் டயர்களின் பக்கச்சுவரில் பொறித்த தேய்மான எண் 200 ஆயின் பிடிப்பு மிகுதி, 500 ஆயின் ஆயுள் மிகுதி என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் அவ்வெண்ணைத் தயாரிப்பாளரே நிர்ணயிப்பதால், இரு கம்பெனிகளின் எண்களை அப்படியே ஒப்பிடுவது உசிதமன்று. சிக்கனம் வேண்டுவோர், பிரேக் இடங்கொடுக்குமானால், 17 அங்குல வளையத்தை விடுத்து 15 அங்குலத்தை நாடலாம். டயரின் விலை பெரும்பாலும் குறையும். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்குமாதலால், அத்தகைய குளிர்காலத்தில் அந்த டயரைக் கழற்றி, குளிருக்கேற்றதை மாட்டுங்கள்.