வாக்குமூலத்தில் பிறந்த தெய்வம்

1628ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜெர்மனி தேசத்துப் பாம்பெர்க் நகரின் சிறையிலே, அந்நகரத்துக்கே மேயராக இருந்து வாழ்ந்த யொஹானஸ் யூனியுஸ் என்ற 55 வயதுப் பெரியவர், திருகாணிப் பொறியில் வைத்து நசுக்கப்பட்டபடியால் இறகுப் பேனாவைச் செவ்வையாகப் பிடிக்கவும் இயலாத கையைக் கொண்டு, தம் மகள் வெரோனிகாவுக்கு இரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். கடவுளை மறுதலித்துச் சாத்தானுக்கு ஆட்பட்டதாகவும், கறுப்பு நாயொன்றின் முதுகிலேறிச் சூனியக்காரர்களின் கூட்டத்துக்குச் சென்றதாகவும் விசாரணையில் தாம் ஒப்புக்கொண்டவை அத்தனையும் பொய்யென்றும், தம்மைக் கயிற்றில் கட்டி எட்டு முறை உயரே இழுத்துக் கீழே விட்ட பிறகு அந்த வதையைச் செய்த தண்டனைச் சேவகனே மனமிரங்கி, இதற்குமேல் உடம்பு தாங்காது, எதையாவது கற்பித்தாவது சொல்லிவிடும்படி மன்றாடியதாகவும் அதில் கண்டிருந்தது. கூட்டத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று அவர் சொன்னபோது, சந்தையடியில் தொடங்கித் தெருத்தெருவாக நினைத்துப் பார்த்துப் பெயர் சொல்லும்படி அதிகாரிகள் நெருக்கினார்கள். அவரும் தெருத்தெருவாகச் சில பெயர்களைச் சொன்னார். ஆகஸ்டு 6ஆம் தேதி அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. கடிதம் மட்டும் அழியாமல் இருக்கிறது.

கிறிஸ்தவத்துக்கு முந்திய தேவர்களை வழிபடுவதாகச் சொல்லி, பேகன் என்றும் விக்கா என்றும் தம்மை அழைத்துக்கொள்ளும் இக்கால மேல்நாட்டாரைப் பற்றி எழுதப் புகுந்தவன், நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கைதியின் கொட்டடியில் போய் நிற்பானேன் என்று வாசகர் கேட்கலாம். அவர்களைக் குறித்து வெளியார் கொண்டுள்ள பிரமையும், அவர்களிற் பலர் தம்மைக் குறித்தே நெடுங்காலம் கொண்டிருந்த பிரமையும், ஒன்றையொன்று விரோதிப்பனபோலத் தோன்றினாலும், ஒரே ஊற்றிலிருந்து பெருகியவை என்பது என் துணிபு. அந்த ஊற்று, யூனியுஸைப் போன்றவர்களைச் சித்திரவதை செய்து எழுதி வாங்கிய வாக்குமூலம். வெளியார் அதிலுள்ள சாத்தானை நம்பினார்கள். உள்ளிருப்பவர்கள் அதிலுள்ள கூட்டத்தை நம்பினார்கள்.

கூட்டத்தை நம்புவதற்கு வழிகாட்டியவர் ஒரு பண்டிதை. 1863ல் கல்கத்தாவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்தியப் புராதன ஆராய்ச்சி போதித்து, நூறு வயது வரை வாழ்ந்த மார்கரெட் மரே அம்மையார், மேற்கு ஐரோப்பாவின் சூனியக்காரர் சமயம் பற்றி 1921ல் ஒரு நூல் வெளியிட்டார். விசாரணை ஏடுகளில் சாத்தான் என்று குறிக்கப்பட்டவன், விலங்குத்தோல் போர்த்துக் கொம்பு தரித்து வந்த ஒரு மனிதனே என்றும், அவன் கிறிஸ்து மதத்துக்கு முந்திய ஒரு கொம்புடைய தேவனின் பிரதிநிதி என்றும், பதின்மூவர் பதின்மூவராகக் கூடிய குழுக்கள் அந்தத் தேவனின் உபாசனையைத் தலைமறைவாகப் பேணி வந்தன என்றும் அவர் சாதித்தார். சாத்தானைத் துடைத்துவிட்டு, அவன் இருந்த பீடத்தில் ஒரு தேவனை ஏற்றி வைத்தார் என்று சொன்னால் பிழையில்லை. ஆனால் அதற்கு ஆதாரம்? அதே ஏடுகள்தாம். ஒரு பெண் கூட்டத்துக்குப் போனதாகச் சொன்ன வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அவள் ஆகாயத்தில் பறந்து போனதாகச் சொன்ன அடுத்த வாக்கியத்தை விட்டுவிடுவது அம்மையாரின் வழக்கம் என்பதை, நார்மன் கோன் என்ற சரித்திர ஆசிரியர் 1975ல் மூல ஏடுகளை ஒப்பிட்டு அம்பலப்படுத்தினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் சூனியம் பற்றிய கட்டுரையையே அம்மையார் எழுதியிருந்தார். 1929 முதல் நாற்பது ஆண்டுகள் அது அங்கே நிலைபெற்றிருந்தது. கலைக்களஞ்சியத்தில் உள்ளதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

அந்தக் கொள்கைக்கு உடலும் உயிரும் கொடுத்தவர் ஜெரால்ட் கார்ட்னர். 1884ல் லிவர்பூல் நகரை அடுத்த ஊரில் வசதியான மரவியாபாரக் குடும்பத்தில் பிறந்து, ஆஸ்துமாத் தொல்லையால் முறையான பள்ளிப் படிப்பின்றி, செவிலித் தாயுடன் வெப்ப நாடுகளில் அலைந்து வளர்ந்த இவர், 1900ல் இலங்கைக்கு வந்து, தேயிலைத் தோட்டங்களில் கிரீப்பர் என்று சொல்லப்படும் பயிற்சித் துரையாகத் தொழில் கற்று, பிறகு ஹார்ட்டன் சமவெளிக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தார். கொழும்பில் ஃப்ரீமேசன் சங்கத்தில் தீட்சை பெற்றதும், போர்னியோவுக்கும் மலாயாவுக்கும் சென்று ரப்பர்த் தோட்டத்திலும் சுங்க இலாகாவிலும் இருந்ததும், மலாய்க்காரர்களின் கிரிஸ் என்னும் வளைந்த குத்துவாளைப் பற்றி 1936ல் ஆராய்ச்சி நூல் எழுதியதும் பின்கதை. விக்கா வழிபாட்டில் பீடத்தின்மேல் கறுப்புப் பிடியிட்ட கத்தியொன்று பிரதானமாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஆயுதங்களைச் சேகரித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சுங்க அதிகாரி என் நினைவுக்கு வருவதுண்டு.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய கார்ட்னர், 1939ல் நியூ ஃபாரஸ்ட் பிரதேசத்தில், பரம்பரையாக இரகசியத்தைக் காத்துவந்த ஒரு குழு தமக்குத் தீட்சை அளித்ததாகச் சொல்லிக்கொண்டார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் அமலில் இருந்தவரை நாவல் உருவத்திலேயே விஷயத்தை வெளியிட்டவர், 1951ல் அச்சட்டம் ரத்தானபின் துணிந்து, 1954ல் இன்றைய சூனியம் பற்றிய தம் நூலைத் தந்தார். அதற்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மரே. பாம்பெர்க் போன்ற ஊர்களின் கற்பனைக் கூட்டம், ஒரு பண்டிதையின் ஏட்டில் சரித்திரமாகி, ஒரு முதிய ஆங்கிலேயரின் தலைமையில் மெய்யாகவே கூட ஆரம்பித்த விந்தை இவ்விதம் நிகழ்ந்தது.

குழுவுக்குள்ளேயே ஒருவர் இந்தப் புனைவைக் கண்டுகொண்டார். 1953ல் கார்ட்னரிடம் தீட்சை பெற்ற டோரீன் வாலியன்டே, கூர்மையான அறிவும் கவிதை உள்ளமும் வாய்ந்த பெண்மணி. புராதனம் என்று தம்மிடம் கொடுக்கப்பட்ட சடங்குப் புத்தகத்தில், மந்திரவாதி அலிஸ்டர் குரோலியின் எழுத்துக்களிலிருந்து எடுத்த வரிகள் அங்கங்கே எட்டிப்பார்ப்பதை அவர் கண்டுபிடித்துக் குருவிடமே நேராகக் கேட்டுவிட்டார். தமக்குக் கிடைத்தவை துண்டு துணுக்குகளே, இடைவெளிகளை நிரப்ப வேண்டியிருந்தது, உம்மால் இதைவிட நன்றாகச் செய்ய முடியுமானால் செய்யலாமே என்று குரு சொன்னாராம். அம்மையார் செய்தார், இன்று விக்கா உபாசகர்கள் பயபக்தியுடன் ஓதும் பகுதிகளில் மிகச் சிறந்தவை அவர் கைபட்டு உருவானவை. வஞ்சிக்கப்பட்டோம் என்று கோபித்துக்கொண்டு வெளியேறாமல், உட்கார்ந்து திருத்தி எழுதினாரே, அந்தச் சம்பவத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, வெளியாரின் சாத்தானுக்கு வருவோம். சாத்தான் கிறிஸ்தவ வேதத்தின் பாத்திரம். கிறிஸ்தவத்தை ஏற்காத விக்காவில் அவனுக்கு இடமே இல்லை. அவர்கள் வணங்குவது சந்திரனோடும் பூமியோடும் சம்பந்தப்பட்ட ஒரு தேவியையும், வனத்துக்கும் வேட்டைக்கும் அதிபதியாகிய கொம்புடைய ஒரு தேவனையும். கொம்பைக் கண்டதும் சாத்தான் என்று அலறுகிறவர்கள், கிரேக்கரின் பானும் கெல்டியரின் செர்னுன்னோஸும் சாத்தானின் சித்திரத்துக்கு முந்தியே கொம்போடு இருந்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1966ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்டன் லவே தொடங்கிய சாத்தான் சபை முற்றிலும் வேறு. அவர் விக்கா உபாசகர்களைப் பரிகசித்தவர். நரபலி, சிசுபலி என்னும் பேச்சுக்கு அணுவளவும் ஆதாரமில்லை. பீடத்தில் படைப்பது பெரும்பாலும் ரொட்டியும் திராட்சை மதுவுமே. யாருக்கும் தீங்கு நேராதவரையில் விரும்பியதைச் செய்யலாம் என்பதும், செய்தது மும்மடங்காகத் திரும்பிவரும் என்பதும் அவர்களுடைய நீதி. இதைக் கேட்டவுடன் நம்முடைய கர்மக் கொள்கைதானே என்று நம்மவர் மகிழ்ந்து போவதுண்டு; கார்ட்னர் இலங்கையில் இருந்தவர் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் மறுபிறப்பும் வினைப்பயனும், பிரம்மஞான சபையின் புண்ணியத்தில், அவர் காலத்து லண்டன் வரவேற்பறைகளிலேயே தாராளமாகப் புழங்கிய சரக்கு.

நிர்வாண வழிபாடு பற்றிய வம்புக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. கார்ட்னர் நிர்வாண வாழ்வைப் போற்றும் இயக்கத்தைச் சேர்ந்தவர். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பிரிக்கெட் உட் என்ற இடத்தில் அத்தகைய சங்கம் ஒன்றின் தோட்டத்தில், பழங்காலக் குடிசையொன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, அங்கேதான் அவருடைய குழு கூடியது. அந்த வழக்கத்தை இன்றும் அனுஷ்டிக்கிறவர்கள் உண்டு. அங்கி அணிந்து வழிபடுகிறவர்களும் நிறைய. பத்திரிகைகளுக்கு முன்னதன் படம்தான் வேண்டியிருந்தது.

வம்போடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1993 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்து வெஸ்ட் மெம்பிஸ் என்ற ஊரில், எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். சாத்தான் பூஜை நாடெங்கும் நடப்பதாக அமெரிக்காவில் பீதி கிளம்பியிருந்த காலத்தின் வால் அது. கறுப்பு உடுப்பு உடுத்தி, ஆரவார சங்கீதம் கேட்டு, விக்காவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த 18 வயது டேமியன் எக்கல்ஸின்மேல் சந்தேகம் விழுந்தது. புத்தி மந்தமான 17 வயதுப் பையன் ஒருவனைப் போலீசார் மணிக்கணக்கில் விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். கொலை காலையில் நடந்ததாக அவன் முதலில் சொன்னான். அந்தக் காலை வேளையில் சிறுவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மேலும் கேட்கக் கேட்க, நேரம் நகர்ந்து நகர்ந்து மாலைக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்கில், வகுப்புக்கே போகாமல் தபால் மூலம் டாக்டர் பட்டம் பெற்ற ஒரு நிபுணர் சாட்சிக் கூண்டிலேறி, கொலையில் சாத்தான் வழிபாட்டின் அடையாளங்கள் தென்படுவதாகச் சொன்னார். எக்கல்ஸுக்கு மரண தண்டனை. வாக்குமூலம் கொடுத்த பையனுக்கும், உடன் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவனுக்கும் ஆயுள் சிறை. 18 ஆண்டுகள் கழிந்து 2011 ஆகஸ்டில், நாங்கள் நிரபராதிகளே என்று சாதித்துக்கொண்டே, அரசுத் தரப்பில் சாட்சியம் உண்டென்பதையும் ஒத்துக்கொள்ளும் ஒரு விசித்திரமான சட்ட ஏற்பாட்டின்படி மூவரும் வெளியே வந்தார்கள். பாம்பெர்க் நகரத்து விசாரணைக்காரர்கள் இந்த வாக்குமூலத்தைப் படித்திருந்தால், தங்கள் தொழில் முறை மாறிவிட்டதே என்று வருந்தியிருக்க மாட்டார்கள்.

உள்ளிருப்பவர்களின் பிரமைகளில் தலையாயது, தொண்ணூறு இலட்சம் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டார்கள் என்பது. இந்தத் தொகையின் பிறப்பு வேடிக்கையானது. கோட்ஃப்ரீட் கிறிஸ்டியான் வோய்க்ட் என்ற ஜெர்மானிய வக்கீல் 1784ல், க்வெட்லின்புர்க் என்ற தம் ஊரின் ஆவணங்களில் கண்ட சில மரண தண்டனைகளை எடுத்து, அவற்றை ஐரோப்பாவின் ஜனத்தொகை முழுவதற்கும், பல நூற்றாண்டுகளுக்குமாகப் பெருக்கி, 94,42,994 என்று கடைசி ஸ்தானம் வரையில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். திரைராசிக் கணக்கில் பிழையில்லாமல் சரித்திரத்தில் பெரும்பிழை செய்ய முடியும் என்பதற்கு இது உதாரணம். அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி மெடில்டா கேஜ் அந்தத் தொகையை 1893ல் தம் நூலில் எடுத்தாண்டார். கார்ட்னர் வழியாகவும் பரவி, அது வழிபாட்டுக் கூட்டங்களில் நினைவேந்தலாகவே ஆகிவிட்டது. ஆவணங்களை ஊர் ஊராக எண்ணிப் பார்த்த இக்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டது, மூன்று நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை. பெரும்பான்மையோர் பெண்களே, ஆயினும் யூனியுஸைப்போன்ற ஆண்களும் ஆயிரக்கணக்கில் உண்டு, ஐஸ்லாந்தில் கொல்லப்பட்டவர்கள் கிட்டத்தட்ட அனைவரும் ஆண்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவின் சேலம் என்ற ஊரிலும் நெருப்பில்லை, தூக்குக் கயிறு. இவ்விதம் மாண்டவர்கள் கொம்புடைய தேவனின் பக்தர்களும் அல்லர். ஞாயிறுதோறும் மாதாகோயிலுக்குப் போன கிறிஸ்தவர்கள் அவர்கள். அப்படியல்ல என்று சொன்னவர்கள் அவர்களைக் கொன்றவர்கள்தாம். கொன்றவர்களின் சாட்சியத்தை மாண்டவர்களின் வாரிசாகத் தம்மை எண்ணுகிறவர்களே ஏற்றுக்கொண்டதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

1999ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துச் சரித்திரப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன், விக்கா இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து உலகத்துக்கு ஈந்த புதிய மதம் என்று விரிவான நூலில் நிறுவினார். சில பழையவர்கள் சீறினார்கள். ஆனால் பெரும்பாலோர் அந்த நூலை வாங்கிப் படித்து, அப்படியானால் நம்முடையது புதிய மதம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சமாதானமாகிவிட்டார்கள். பெத்லகேம் குழந்தையின் பிறந்த தேதியையே சரித்திரத்தால் நிச்சயிக்க முடியாத உலகத்தில் அவர்களுக்கு மட்டும் வேறு நியாயம் கேட்பது முறையல்ல.

விக்காவும் பேகனும் ஒன்றே என்ற மயக்கமும் உண்டு. 2021ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் ஜனக்கணக்கில் தம்மைப் பேகன் என்று எழுதியவர்கள் சுமார் 74,000. விக்கா என்று எழுதியவர்கள் சுமார் 13,000. மற்றவர்களுள், பழைய கெல்டியக் குருமார்களின் பெயரைச் சூடிய ட்ரூயிட் மார்க்கத்தாரும் வட ஐரோப்பியத் தேவர்களை வழிபடுகிறவர்களும் அடங்குவர். ஸ்டோன்ஹெஞ்ச் கற்களின் நடுவே உத்தராயண முடிவு நாளில் வெள்ளை அங்கியுடன் நிற்கும் ட்ரூயிட்டுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கற்கள் நாட்டப்பட்டதற்கும் சரித்திரம் அறிந்த ட்ரூயிட் குருமார்களுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளி. இரண்டையும் இணைத்தவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் புராதன வஸ்து ஆர்வலர்கள்.

ஆனால் இந்த மயக்கம் எதுவுமின்றி, தங்கள் தேவர்களின் கதைகளைத் தங்கள் பாஷையிலேயே பதின்மூன்றாம் நூற்றாண்டு ஏடுகளில் வைத்திருந்தவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். 1972ல், ஆடு மேய்த்துக்கொண்டு பழைய யாப்பில் கவி பாடிவந்த ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன் என்ற தாடிக்கார விவசாயி, சகாக்கள் சிலருடன் மந்திரியைப் பார்க்கப் போய், தோர் முதலிய தேவர்களின் மதத்தைச் சர்க்கார் அங்கீகரிக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். மந்திரி முதலில் சிரித்தாரா, பிறகு என்ன செய்தார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)