சூரிய நீர்ப்பம்பியும் விற்பவரின் நாணயமும்

2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. எண்ணெய் இயந்திரத்தைக் கொண்டு கத்தரிக்கும் மிளகாய்க்கும் நீரிறைத்துவந்த தேற்றாத்தீவு, களுதாவளைக் கமக்காரர் அதனை மறந்திரார். சூரிய ஒளியால் இயங்கும் பம்பியின்பால் பலரது கவனம் திரும்பியதில் வியப்பொன்றுமில்லை.

இக்கருவியைப் பொருத்திக் கொடுப்பதைத் தொழிலாகக் கொள்ளக் கருதும் இளைஞர், ஊராரின் நம்பிக்கையை எவ்வாறு பெறுவதென்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வர்ணப் பலகைகளால் அது கிட்டாது. கிணற்றையும் பயிரையும் அளந்து, வேண்டியதை மட்டும் விற்பவருக்கே அது கிட்டும். வாங்கும் கமக்காரரும் அந்த அளவுகளை அறிந்திருத்தல் நன்று.

காலேக்கர் மரக்கறித் தோட்டத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் வேண்டுமெனக் கொள்வோம். அது 5,000 லீற்றருக்குச் சற்று மேற்பட்டதாகும். இந்நீரை மொத்தம் 6 மீற்றர் உயர்த்துவதற்கு, குழாயிலும் பம்பியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், 300 வாற்று அளவான ஒரே தகடு கணக்கின்படி போதுமானது. நான்கு தகடுகள் வேண்டுமென்பவரிடம் அவரது கணக்கைக் காகிதத்தில் எழுதித் தருமாறு கேட்கவேண்டும். நல்ல வியாபாரி கேளாமலே எழுதித் தருவார்.

பெரிய பம்பியால் வரும் கேடு செலவோடு நின்றுவிடுவதன்று. நமது ஊர் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த மணல் நிலம். இங்கு நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. எண்ணெய் இயந்திரத்தைக் காசுக்கு அஞ்சியாவது நிறுத்துவோம். சூரியப் பம்பியோ செலவின்றி ஓடுவதால், வெயில் உள்ளவரை ஓடவிடும் ஆசை எவருக்கும் எழும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். ஒருவர் இறைத்த மிகைநீரால் அயலாரின் கிணறும் கெடக்கூடும். ஆகையால் சிறு பம்பி, ஒரு நீர்த்தொட்டி, தொட்டி நிறைந்ததும் பம்பியைத் தானே நிறுத்தும் மிதவை ஆளி ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தல் வேண்டும். இலாபம் குறையுமே என்று இதற்குத் தயங்குபவர் இத்தொழிலுக்கு ஏற்றவரல்லர்.

படுவான்கரை வயல்களுக்கு இக்கருவியை விற்க முயல்வது வீண். ஓரேக்கர் வயலில் 5 சென்ரிமீற்றர் நீர் கட்டுவதற்கே 2 இலட்சம் லீற்றருக்கு மேல் வேண்டும். வெள்ளாண்மைக்குக் குளத்து நீரும் மழையுமே கதி. அதனை நெல்விளைவிப்பவரிடம் வெளிப்படையாகக் கூறும் வியாபாரியின் சொல்லுக்குத் தோட்டக்காரரிடத்தில் மதிப்புண்டாகும்.

தகடு தாங்கும் சட்டத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1978 நவம்பர் மாதச் சூறாவளியைக் கண்ட முதியோர் நம்மிடையே இன்றும் உளர். கொங்கிறீற்று அடித்தளத்தில் துருப்பிடியாத ஆணிகளால் இறுக்கப்படாத சட்டம் நம் கரைக்கு உதவாது. உப்புக்காற்று மின்கம்பி இணைப்புகளையும் அரிக்கும்.

இலங்கையில் சூரியத் தகடு விற்றோரின் அனுபவம் நமக்குப் பாடமாக உள்ளது. 1997 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனுதவியுடன் நடைபெற்ற திட்டத்தில் மின்கம்பி எட்டாத சுமார் 21,000 வீடுகளுக்குத் தகடுகள் கிடைத்தன. தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. ஊர்ச் சங்கங்களோடு முன்பே பழகியிருந்த சர்வோதயத்தின் கடன் நிறுவனமான சீட்ஸ் கடன் வழங்கத் தொடங்கிய பின்னரே அது விரைவடைந்தது. முன்பின் அறியாத கம்பனியைவிட, அறிந்த சங்கத்தையே கிராமத்தார் நம்பினர். 2002 இன் பின் வந்த அடுத்த திட்டத்தையும் சேர்த்தால், தகடு பெற்ற வீடுகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. பின்னர் மின்கம்பி ஊர்களுக்குள் வந்தபோது, தகட்டின் தேவை குறைந்து, கடன் தவணைகள் தடைப்பட்டன. மின்கம்பி வரக்கூடுமென்பதை விற்கும்போதே கூறியிருந்தால் இச்சங்கடம் ஓரளவு குறைந்திருக்கும்.

கூரையில் தகடு வைத்து மின்சார சபைக்கு மின் விற்பதிலும் இதே நிலைதான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின் பாவனை குறைந்திருந்தமையால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு சபை கேட்டுக்கொண்டது. மாதந்தோறும் தவறாது பணம் வருமென்று மட்டும் கூறுபவரின் பேச்சை ஐயத்துடன் கேட்டல் நன்று.

தொழில் தொடங்குபவர் முதற் பம்பியைப் பலரும் கடந்துசெல்லும் தோட்டமொன்றில் பொருத்துவாராக. 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்றை வைத்து, அது நிறையும் நேரத்தைக் காலை 9 மணிக்கும் நண்பகலிலும் மாலை 4 மணிக்கும் வருவோர் முன்னிலையில் அளந்து, ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும். மார்கழி மாத மேகமூட்ட நாட்களில் அளந்த தொகையையும் அதே கொப்பியில், அதே அளவு எழுத்தில் எழுதுக. உத்தரவாதக் கடிதத்தில் தகட்டுக்கு எத்தனை ஆண்டு, பம்பிக்கு எத்தனை ஆண்டு என்பதைத் தனித்தனியே குறித்து, பழுதானால் எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பார் என்பதையும் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். மிளகாய்ச் செடி கோடையில் ஒரு வாரம் நீரின்றித் தாங்காது.