வீரர் இடமாற்றமும் கால்பந்துப் போட்டிச் சமநிலையும்

ஒரு தொடரில் ஆடும் அணிகளின் வலிமை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைக் குறிப்பது போட்டிச் சமநிலை எனப்படும். ஒரு வீரர் தம் அணியை விட்டு வேறொரு கல்லூரிக்கோ கழகத்துக்கோ செல்வது வீரர் இடமாற்றம். நல்ல வீரர்கள் சில அணிகளிலேயே குவிந்தால் சமநிலை குலையும் என்பது பொதுவான கருத்து. ஆனால் இடமாற்றம் எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தருவதில்லை. வீரர் புறப்படும் அணிக்கு மேலே ஏற வழி உண்டா, வீரரை இழந்ததற்கு ஈடாக ஏதேனும் கிடைக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமைகிறது. கன்னியாகுமரி மாவட்டக் கால்பந்தையும் சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் வரலாற்றையும் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

சமநிலை ஏன் வேண்டும்

விளையாட்டு மற்ற தொழில்களைப் போன்றதன்று. ஒரு கடைக்காரருக்குப் போட்டிக் கடை மூடப்பட்டால் ஆதாயம். ஓர் அணிக்கோ எதிரணி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. எதிரணி மிகவும் வலுவிழந்தால் பார்க்க வருவோரும் குறைவர். பொருளியலாளர் வால்டர் நீல் 1964-இல் இக்கருத்தை விளக்கினார்.

அதற்கு முன்பே, 1956-இல், சைமன் ராட்டன்பர்க் அமெரிக்க அடிபந்தாட்ட வீரர்களின் சந்தையை ஆராய்ந்தார். வீரர் விருப்பப்படி அணி மாறத் தடை விதித்தாலும், அணிகள் வீரர்களைத் தமக்குள் விற்க முடியும் வரை, நல்ல வீரர்கள் தங்களுக்கு அதிக மதிப்புத் தரும் அணியையே சென்றடைவர் என்பது அவர் முடிவு. அதாவது தடை சமநிலையைக் காப்பதில்லை. வீரரின் திறமைக்குரிய பணம் வீரருக்குப் போகுமா, அணி உரிமையாளருக்குப் போகுமா என்பதையே அது தீர்மானிக்கிறது.

சமநிலையை இரண்டு வகையாகப் பார்க்க வேண்டும். ஒரே பருவத்துக்குள் அணிகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பது ஒன்று. பல ஆண்டுகளாக ஒரே அணி முதலிடத்தில் நீடிக்கிறதா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய மீனவ ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கடற்கரை மணலில் பந்தாடும் பழக்கம் இவ்வூர்களில் வேரூன்றியது. தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் போன்ற உள்நாட்டு ஊர்களின் மைதானங்களில் நடக்கும் போட்டிகளிலும் கடற்கரை ஊர் இளைஞர்களைக் காணலாம். இங்கு ஒரு வீரர் பொதுவாக ஊர் அணியில் தொடங்கி, பள்ளி, கல்லூரி அணிகளுக்குச் செல்கிறார். அதன்பின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை தரும் துறை அணியிலோ தொழில்முறைக் கழகத்திலோ சேர முயல்கிறார்.

இந்த வழியில் கல்லூரி ஒரு முக்கியமான திருப்பம். தூத்தூர் புனித யூதா கல்லூரி, நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவிதாங்கோடு முஸ்லிம் கலைக் கல்லூரி ஆகியவை திருநெல்வேலியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. இப்பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கப்பட்டது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் திறமை காட்டுவோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, மண்டல அளவிலான பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடுகின்றனர்.

கல்லூரி அணிக்கென்று ஓர் இயல்பு உண்டு. இளங்கலைப் படிப்பு மூன்று ஆண்டு. எவ்வளவு சிறந்த அணியானாலும் படிப்பு முடிந்ததும் கலைந்துவிடும். ஆகவே ஒரே கல்லூரி தொடர்ந்து வெல்ல வேண்டுமானால் ஆண்டுதோறும் புதிய வீரர்களைச் சேர்த்தாக வேண்டும். விடுதி, உணவு, கட்டணச் சலுகை, நல்ல மைதானம், பயிற்சியாளர் ஆகியவற்றைத் தரக்கூடிய கல்லூரிக்கு இதில் வசதி அதிகம். இங்குச் சமநிலையைத் தீர்மானிப்பது படிப்பின் நடுவே நடக்கும் மாற்றத்தைவிடப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் நடக்கும் சேர்க்கையே. இரண்டு மூன்று கல்லூரிகள் மட்டும் ஒதுக்கீட்டை முறையாகப் பயன்படுத்தினால், மற்றவை முதல் சுற்றிலேயே வெளியேறும் நிலை உண்டாகும்.

சென்னை சிட்டியின் எழுச்சியும் இறக்கமும்

இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், ஐ-லீக் போட்டியில் சென்னை சிட்டி கழகத்துக்காக ஆடிப் புகழ்பெற்றார். 2018-இல் அவர் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் ஜாம்ஷெட்பூர் கழகத்துக்கும், 2019-இல் கொல்கத்தாவின் ஏடிகே கழகத்துக்கும் சென்றார். 2019-20 பருவத்தில் ஏடிகே கோப்பையை வென்றது.

சூசைராஜ் சென்றதும் சென்னை சிட்டி வீழ்ந்திருக்க வேண்டும் என்று தோன்றலாம். நடந்தது நேர்மாறு. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியில், பெத்ரோ மான்சி உள்ளிட்ட வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்து, உள்ளூர் இளைஞர்களையும் நிறுத்தி அணி ஆடியது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினெர்வா பஞ்சாப் அணியை 3–1 என வென்று 2018-19 ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். ஒரு வீரரின் வெளியேற்றத்தை, வேறு வீரர்களின் வருகை ஈடுசெய்தது.

பட்டத்துக்குப் பிறகு நிலை மாறியது. எட்வின் சிட்னி வன்ஸ்பால் 2019-இல் சென்னையின் கழகத்துக்குச் சென்றார். மான்சி 2020-இல் ஜப்பானுக்குப் போனார். அதே ஆண்டு அஜித் குமார் பெங்களூருக்கும், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ் கோவாவுக்கும் மாறினர். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற அணியே இல்லை. இடமாற்றம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. கழகத்தின் பொருளாதாரமும் நிர்வாகமும் சேர்ந்தவை. ஆயினும் பட்டம் வென்ற அணி கலைந்துபோனது கண்கூடு.

மூன்று சிறிய கழகங்கள்

சென்னை சிட்டிக்கு முன் 2016-17-இல் ஐசால், 2017-18-இல் மினெர்வா பஞ்சாப் ஆகியவை ஐ-லீக்கை வென்றன. மூன்று பருவங்களில் மூன்று புதிய வாகையர். மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறந்த போட்டிச் சமநிலை. ஆனால் இவற்றுள் எதுவும் மறு ஆண்டு பட்டத்தைத் தக்கவைக்கவில்லை. ஐசாலின் பயிற்சியாளர் காலித் ஜமீல் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். ஜெயேஷ் ரானே, அசுதோஷ் மேத்தா ஆகிய வீரர்கள் ஏடிகே சென்றனர்.

இதற்கு அடிப்படைக் காரணம் போட்டிகளின் அமைப்பு. அக்காலத்தில் ஐ-லீக்கை வென்ற கழகம் இந்தியன் சூப்பர் லீக்குக்கு ஏற வழி இல்லை. அந்த வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. முதலில் ஏறியது பஞ்சாப் அணி. கழகம் மேலே போக முடியாதபோது, மேலே போக விரும்பும் வீரர் தனியாகத்தான் போக வேண்டும். வென்ற அணி தன் வீரர்களுக்கு அடுத்த ஆண்டுக்கான பெரிய மேடையைக் காட்ட முடியாததால், வெற்றியே அணி கலைவதற்கு வழியானது.

அமெரிக்கக் கல்லூரிகளின் அனுபவம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அன்று. கையில் பந்தேந்தி ஓடும் வேறு ஆட்டம். எனினும் இடமாற்ற விதிகளை ஒப்பிட அது உதவும். அங்குக் கல்லூரி மாறிய வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் இடமாற்றப் பதிவேடு வந்தது. 2021-இல் ஒருமுறை காத்திருக்காமல் மாற அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு பணம் ஈட்டவும் முடிந்தது. 2024-இல், கல்வித் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது.

விளைவு இருவகையாக இருந்தது. 2023-இல் 3 ஆட்டங்கள் மட்டுமே வென்ற இந்தியானா பல்கலைக்கழகம், புதிய பயிற்சியாளரையும் அவருடைய முந்தைய கல்லூரி வீரர்கள் பலரையும் பெற்று 2024-இல் 11 ஆட்டங்களை வென்றது. 2023-இல் 13 ஆட்டங்களை வென்ற ஃபுளோரிடா ஸ்டேட் அணியோ மறு ஆண்டு 2 வெற்றிகளோடு நின்றது. நெடுங்காலம் அடித்தட்டில் இருந்த அணி ஓராண்டில் எழ முடிகிறது; முதலிடத்தில் இருந்த அணி ஓராண்டில் விழவும் முடிகிறது. ஆனால் சிறிய கல்லூரி வளர்த்த வீரர் தேறியதும் பெரிய கல்லூரிக்குப் போய்விடும் போக்கும் வலுப்பெற்றுள்ளது.

வளர்த்தவருக்குப் பங்கு

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தக் காலத்தில் ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறும்போது, மாற்றுத் தொகையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படும். இதில் மூன்று வரம்புகள் உள்ளன. ஒரே நாட்டுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு அந்நாட்டுச் சங்கத்தின் விதிகளே பெரும்பாலும் பொருந்தும். ஒப்பந்தம் முடிந்து செல்பவருக்கு மாற்றுத் தொகையே இல்லாததால் பங்கும் இல்லை. மேலும் பங்கு கிடைப்பது சங்கத்தில் பதிவு பெற்ற கழகங்களுக்கே.

கடற்கரை ஊரில் பந்து வாங்கிக் கொடுத்த மன்றமும், மாலைதோறும் பயிற்சி அளித்த உடற்கல்வி ஆசிரியரும், விடுதி கொடுத்த கல்லூரியும் இக்கணக்கில் வருவதில்லை. வீரர் போகும்போது அவர்களுக்குப் பெருமை மிஞ்சுகிறது. அடுத்த தலைமுறைக்குப் பந்து வாங்கப் பணம் மிஞ்சுவதில்லை.

வறுமையிலிருந்து மேலேற முயலும் இளைஞரின் இடமாற்றத்தைத் தடுப்பது நியாயமும் ஆகாது. ராட்டன்பர்க் காட்டியபடி அதனால் சமநிலையும் பெரிதாக வந்துவிடாது. சமநிலைக்கு உதவுபவை வேறு: வென்ற கழகம் மேலே ஏறும் வழி, கல்லூரிச் சேர்க்கையில் எல்லாருக்கும் பொதுவான விதி, ஊர் மன்றங்களை முறையாகப் பதிவு செய்து பயிற்சிப் பங்கு பெறச் செய்தல். இவை இருந்தால், ஒரு வீரர் புறப்பட்ட இடத்தில் அடுத்த வீரர் உருவாவதற்கு வாய்ப்பு இருக்கும்.