டயாலிசிஸ் நோயாளியின் தொடையில் வலிக்கும் கருந்திட்டு: கால்சிஃபிலாக்ஸிஸ் என்றால் என்ன?

சேலம் அஸ்தம்பட்டியில் அப்பாவை வாரம் 3 நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் ஐ.டி. ஊழியருக்கு கிரியாட்டினின், பொட்டாசியம் எல்லாம் அத்துப்படியாக இருக்கும். கால்சிஃபிலாக்ஸிஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. அபூர்வ நோய்தான். டயாலிசிஸில் இருக்கும் 100 பேரில் 1 முதல் 4 பேருக்கு வரலாம் என்பது மருத்துவ நூல்களில் அடிக்கடி தென்படும் கணக்கு. ஆனால் வந்தால் லேசில் விடாது. பல ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேரோ அதற்கும் அதிகமானோரோ ஓராண்டுக்குள் இறந்திருக்கிறார்கள்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

தோலுக்கும் அதன் அடியில் உள்ள கொழுப்புக்கும் ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய தமனிகளின் சுவரில் கால்சியம் படிகிறது. போர் தண்ணீர் ஓடும் பைப்பில் உப்பு அப்புகிற மாதிரி. அப்படிக் குறுகிப்போன குழாயில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டி வந்தாலே போதும், அந்த இடத்துத் தோல் செத்துவிடும்.

முதலில் வலைப்பின்னல் போல ஊதாத் தடம், தொட்டால் கெட்டியான கட்டி, பிறகு கருப்புப் பொருக்குப் புண். தொடை, அடிவயிறு போன்ற சதைப்பிடிப்பான இடங்களில் அதிகம். புண்ணின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத வலி இதன் முக்கிய அடையாளம். சர்க்கரைப் புண்தானே என்று நினைத்து நாட்களைக் கடத்துவதுதான் ஆபத்து.

ரத்தம் உறைதலுக்கு என்ன தொடர்பு?

ரத்தம் தேவையில்லாமல் உறையாதபடி பிரேக் போடுபவை புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ். இவை பிறவியிலேயே குறைவாக இருப்பது போன்ற உறைதல் கோளாறுகள், கால்சிஃபிலாக்ஸிஸ் வந்தவர்களிடம் பதிவாகியிருக்கின்றன.

இன்னொரு தொடர்புதான் விசித்திரம். 1948-ல் அமெரிக்காவில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1950-களில் மனிதர்களுக்கும் மருந்தான வார்ஃபரின், வைட்டமின் கே-வின் வேலையை முடக்கி ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. நம்மூரில் அதிகம் எழுதப்படும் அசினோகூமராலும் இதே வகை. ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் ஒட்டாமல் காவல் காக்கும் ஒரு புரதத்துக்கும் அதே வைட்டமின் கே வேண்டும். ஆக, ரத்தக்கட்டியைத் தடுக்கப் போடும் மாத்திரை காவலாளியையும் தூங்க வைத்துவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஏற்கெனவே பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் தொல்லை வேறு.

அப்போ மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர் தானாக நிறுத்தினால், வால்விலேயே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். அவர்களுக்கு இந்த வகை மாத்திரைக்கு இன்னும் சரியான மாற்று இல்லை. இதயத் துடிப்புக் கோளாறுக்காக மட்டும் போடுகிறவர்களுக்கு வேறு மாத்திரைக்கு மாற்ற வழியுண்டு. அதைச் சிறுநீரக மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சையாகச் சோடியம் தயோசல்ஃபேட்டை டயாலிசிஸின்போது நரம்பு வழியாக ஏற்றுவார்கள். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் 'ஹைப்போ' என்றார்களே, அதே உப்புதான். பலருக்குக் கொடுக்கப்பட்டாலும், இதன் பலன் இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. புண் பராமரிப்பும் வலி மருந்தும் கூடவே நடக்கும்.

வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு திட்டு தெரிந்தால், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் தானாக வாங்கிப் போடும் கால்சியம் மாத்திரை உட்பட, கையோடு எடுத்துப் போங்கள்.