ராஜ்யங்களின் பகையும் காவலூர்த் தொலைநோக்கியும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், செங்கம் வட்டாரத்து ஊர்களில், பல்லவர் காலந்தொட்டு நாட்டப்பெற்ற நடுகற்கள் மிகுதியாக உள்ளன. அயலார் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்கப் போய் உயிர்விட்ட வீரரின் பெயரை அவற்றுள் பல இன்றும் சுமந்து நிற்கின்றன. மாடு ஓர் ஊரில் இருந்தால் மற்றோர் ஊரில் இல்லை. ஒருவன் பெற்றது மற்றவன் இழந்தது. வழக்கைக் கேட்டுத் தீர்ப்பை நிறைவேற்ற வல்ல பொது அதிகாரம் எட்டாத எல்லைப்புறத்தில் தன் பலமே தனக்குத் துணை. சர்வதேச அரசியலைப் பற்றிய சித்தாந்தங்களுள் மிகுந்த செல்வாக்குடைய யதார்த்தவாதம் கூறுவதும் சாரத்தில் இதுவே.

அண்டைநாட்டு அரசன் இயல்பான பகைவன், அவனுக்கும் அப்பால் உள்ளவன் இயல்பான நண்பன் என்று மண்டல வகுப்பில் கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் விதித்தார். அதிகாரத்தை நாடுவதே அரசுகளின் அரசியல் என்று ஹான்ஸ் மார்கெந்தாவ் 1948-இல் எழுதினார். மனித ஸ்வபாவத்தைக் குறைகூற வேண்டியதில்லை, அரசுகளுக்கு மேல் ஓர் அரசு இல்லை என்ற ஒன்றே அவற்றை ஓயாத அச்சத்திலும் போட்டியிலும் தள்ளப் போதும் என்று கென்னத் வால்ட்ஸ் 1979-இல் வாதித்தார். இரண்டு உலகப் போர்களையும் சர்வதேச சங்கத்தின் வீழ்ச்சியையும் கண்ட ஒரு நூற்றாண்டில் இக்கொள்கை வேரூன்றியதில் வியப்பில்லை; அதை அலட்சியமாகத் தள்ளிவிடுதல் விவேகமுமன்று. ஆயினும் அது முழு உண்மையா என்று பரிசோதிக்க, அதே மலையின் மேலே காவலூரில் ஒரு சாட்சி இருக்கிறது.

மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையை, நகர வெளிச்சம் தீண்டாத அதன் இருளுக்காக 1960-களில் தேர்ந்தெடுத்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. அங்கே 1972-இல் நிறுவப்பட்ட 1 மீட்டர்த் தொலைநோக்கி, கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரத்துக் கார்ல் ஸைஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அந்த நாட்டுடன் இந்தியா முழுமையான ராஜீய உறவு கொண்டதோ அவ்வாண்டு அக்டோபரில்தான். அதற்கு முன்பே, ஜூன் 7-ஆம் தேதி, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் சென்றபோது, காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங் வானாய்வு நிலையத்திலும் அதை அளந்தனர். அமெரிக்கர், இந்தியர், இந்தோனேசியர், ஆங்கிலேயர் ஆகியோர் பெயர்கள் ஒன்றாக நின்ற கட்டுரை மறு ஆண்டு வெளிவந்தது. அந்தத் துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்ற அவர்கள் முடிவைப் பிற்காலத்து ஆய்வுகள் திருத்தி, அது அவர்கள் கணித்ததைவிட மிக மெல்லியது என்று காட்டின. இங்கே கருதத் தக்கது காலம். வங்கதேசப் போரின்போது அமெரிக்கா தன் ‘என்டர்பிரைஸ்’ போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பி ஆறு மாதமே ஆகியிருந்தது. இந்தியாவோ அதற்குச் சற்று முன்னர் சோவியத் நாட்டுடன் நட்பு ஒப்பந்தம் செய்திருந்தது.

1977 மார்ச் 10-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினரும், காவலூரிலிருந்து பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலும் இருந்தவர்களும் நட்சத்திரத்தின் ஒளி இடையிடையே மங்கியதைப் பதிவு செய்தனர். காவலூரில் அதைப் புதியதொரு துணைக்கோள் என்றே முதலில் கருதினர். பல இடத்துப் பதிவுகளையும் ஒப்பிட்ட பின்னரே யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது நிச்சயமாயிற்று. இத்தனைக்கும், இனப்பாகுபாட்டின் பொருட்டு 1946 முதலே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தைத் துறந்திருந்தது இந்தியா.

இதற்கு யதார்த்தவாதி சொல்லும் விடையும் வலிமையுடையது. அங்கீகாரம் தேடி அலைந்த கிழக்கு ஜெர்மனி, அந்த நோக்கத்தோடுதான் இந்தியாவுடன் வணிகத்தை வளர்த்தது. யுரேனஸின் வளையத்தால் எந்தச் சிம்மாசனமும் அசையாது. ஆனால் 1974-இல் இந்தியா பொக்ரானில் அணுவைச் சோதித்தவுடன் கனடா தன் அணுசக்தி உதவியை நிறுத்தியது, வல்லரசுகள் கூடி ஏற்றுமதிக்குக் கதவடைத்தன என்பான். இவை யாவும் மெய்யே. எனினும் இந்த விடையை அளிக்கும்போதே அவன் தன் மூலக் கொள்கையை விட்டுக்கொடுத்துவிடுகிறான். உலகுக்குப் பொது அரசு இல்லாமைதான் பகைக்குக் காரணம் என்றால், அந்த இல்லாமை 1972 ஜூனிலும் இருந்தது, 1974 மேயிலும் இருந்தது. மாறாத ஒரே காரணத்திலிருந்து முதலில் ஒத்துழைப்பும் பின்பு தடையும் விளைந்தன என்றால், வேற்றுமையை உண்டாக்கியது வேறொன்றாதல் வேண்டும்.

அது, அரசுகள் நாடும் பொருளின் இயல்பே. மறைப்பின்போது விண்கோளின் நிழல் பூமியின்மேல் ஒரு பாதையாக ஓடுகிறது. ஓரிடத்தில் நிற்பவனுக்கு அதன் ஒரு குறுக்குக் கோடே கிட்டும். பல இடத்துக் கோடுகள் சேர்ந்தாலன்றி வடிவம் புலப்படாது. ஆகையால் கேப்டவுனில் எடுத்த அளவு காவலூரின் அளவைக் குறைக்கவில்லை, அதன் மதிப்பைப் பெருக்கியது. அணு ஆயுதத்தின் இயல்பு இதற்கு நேர்மாறு: பிறரிடம் இல்லாதவரையில்தான் அதனால் மேன்மை. ராபர்ட் கியோஹேனும் ஜோசப் நையும் 1977-இல் விளக்கிய பரஸ்பர சார்புக் கொள்கை இவ்வகை வேறுபாடுகளுக்கு இடமளிக்கிறது என்பதால் அது யதார்த்தவாதத்தினும் ஒரு படி உயர்ந்தது என்பது என் துணிபு.

வானியலோடு நிற்கும் விஷயமன்று இது. பெரியம்மையை ஒழிக்கும் திட்டத்தைச் சோவியத் நாடு 1958-இல் முன்மொழிய, பனிப்போரின் நடுவிலேயே அமெரிக்காவும் கைகொடுக்க, 1980-இல் அந்நோய் உலகத்தினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அண்டை நாட்டில் நோய் இருக்கும்வரை தன் நாட்டுக்கும் காவல் இல்லை என்பதை இரு வல்லரசுகளும் உணர்ந்திருந்தன.

எனவே யதார்த்தவாதத்தை நம் கல்லூரிகள் கற்பிக்கட்டும். எல்லைத் தகராறுகளையும் ஆயுதப் போட்டியையும் விளங்கிக்கொள்ள அது இன்றியமையாதது. ஆனால் அதை விதியாக ஏற்க வேண்டாம். பருவநிலை மாற்றத்தைப் பற்றியோ பரவும் நோயைப் பற்றியோ நாடுகள் கூடிப் பேசும்போதெல்லாம், ராஜ்யங்கள் ஒருபோதும் ஒன்றுபடா என்று யாரேனும் உறுதி கூறினால், கையில் உள்ள பொருள் பங்கிட்டால் குறைவதா, சேர்ந்து தேடினால்தான் கிடைப்பதா என்று வாசகர் முதலில் கேட்பாராக. பிந்தியதாயின், ஒன்றுபட மறுக்கும் அரசு தன் நலத்தையே அறியாத அரசு என்று துணிந்து கூறலாம்.